மேய்ச்சல் வெளியும் மக்கள் காவலும்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பத்தை நாம் கண்டிருப்போம். யானையின் உடலை மறைத்தால் காளை தெரியும். காளையின் உடலை மறைத்தால் யானை தெரியும். காவிரியின் கடைமடைக்கு அப்பால் கடலோரத்தில் பரந்து கிடக்கும் வேதாரணியச் சதுப்பு நிலமும் அத்தகையதே. ஒருபுறம் நோக்கினால் அது பறவைகளின் புகலிடம். மறுபுறம் நோக்கினால் கால்நடைகளின் மேய்ச்சல் வெளி. ஒன்றை வெட்டி மற்றொன்றை வாழவைத்தல் இயலாது. தலை ஒன்றே அன்றோ?

கோடியக்கரை 1967இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2002இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இவை போற்றத்தக்கன. எனினும், இக்கரையோரத்து உப்புப் புல்லைத் தின்று வளர்ந்து, சேற்று வயலை உழுது நமக்குச் சோறிட்டது உம்பளச்சேரி மாடு என்பதை மறத்தலாகாது. டிராக்டர் வந்தது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது, எஞ்சிய புல்வெளியிலும் சீமைக் கருவேல் படர்ந்தது. அம்மாட்டினத்தைக் காக்கக் கொருக்கையில் அரசே பண்ணை நடத்த வேண்டியதாயிற்று.

மேய்ப்பவரை வெளியேற்றினால் இயற்கை தானே தழைக்கும் என்பார் உளர். 1982இல் இராசத்தானத்துப் பரத்பூர் சரணாலயத்தில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த ஊராருள் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தனர். பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆராய்ந்தபோது, எருமைகள் மேயாமையால் புல் மண்டி, நீர்ப்பரப்புச் சுருங்கி, பறவைகளுக்கே கேடு விளைந்தமை தெரிந்தது.

இதனால் மேய்ச்சலுக்கு எல்லையே வேண்டா என்பதன்று நம் கருத்து. கோடியக்கரை வெளிமான்களுக்கும் அதே புல்தான் உணவு. எங்கே, எந்த மாதத்தில், எத்தனை மாடுகள் மேயலாம் என வரையறுத்தே ஆகவேண்டும். அதனை வரையறுக்கும் அவையில் மேய்ப்பவரும் அமர வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

இது புதுமையன்று. அரபு நாட்டில் 'ஹிமா' என்னும் மேய்ச்சல் காப்பு முறை தொன்மையானது. வலியவர் தமக்கென வளைத்துக்கொண்ட அம்முறையைப் பொதுநலனுக்கு உரியதாக்கியது இஸ்லாம். நம் அண்டையிலுள்ள முத்துப்பேட்டையிலும் 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு கூடி, அழிந்த அலையாத்திக் காட்டிடையே வாய்க்கால்கள் வெட்டின. நீர் தேங்கி உப்பேறிய நிலத்தில் அலைநீர் வந்து போயிற்று, கன்றுகள் தழைத்தன.

'மேய்க்கால் புறம்போக்கு' என்று பதிவேட்டில் கண்டதும், அது எவர்க்கும் உரியதன்று என எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது எல்லார்க்கும் உரியது. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊராட்சியிடம் மீட்டளிக்குமாறு 2011இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பணித்தது. ஆணை இருக்கிறது, கேட்பார்தாம் வேண்டும். "நம் ஊர் மேய்க்கால் எத்தனை ஏக்கர்? இன்று எவர் கையில்?" எனக் கிராம சபையில் எழுந்து கேட்பது மாணவர் கடன். அவர்க்குத் துணை நிற்பது பெரியோர் கடன்.