குலுக்கலில் விழும் கருணை

1967-ல் ஈ.எம்.எஸ். தலைமையிலான கேரள அரசு தனியார் லாட்டரிகளைத் தடைசெய்துவிட்டு, அத்தொழிலில் தானே இறங்கியது. யோசனை நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞுவுடையது. சீட்டின் விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று. குடியரசு தினத்தை இதற்குத் தேர்ந்தவரின் நகைச்சுவை உணர்வை நான் வியப்பதுண்டு.

அதே 1968-ல் அண்ணாவின் அரசும் தமிழகத்தில் பரிசுச்சீட்டைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது விளம்பர வாசகம். அதில் பாதிதான் உண்மை. விழாத சீட்டுகளின் பணத்தில் பெரும்பகுதி பிறருடைய பரிசாகவும் முகவர் கமிஷனாகவும் போய்விடும், எஞ்சுவதே நாட்டுக்கு.

தமிழகம் 2003-ல் லாட்டரியைத் தடைசெய்தது. கேரளம் விடவில்லை. 2011-ல், கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது, 'காருண்யா' சீட்டு வந்தது. அதன் வருவாயிலிருந்து ஏழைகளின் புற்றுநோய், இதயநோய், சிறுநீரகநோய் சிகிச்சைகளுக்கு உதவி வழங்கப்பட்டது.

இதைக் குறைசொல்வது எளிதல்ல. அப்பணத்தால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். சீட்டு விற்று வாழும் மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் வரி வசதியைப் பார்த்து வசூலிக்கப்படுகிறது. லாட்டரியோ ஏக்கத்தைப் பார்த்து. தினமும் சீட்டு வாங்கும் கூலித்தொழிலாளி, தன் டயாலிசிஸுக்குத் தானே முன்பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். கருணை என்ற பெயர் மட்டும் அரசுக்கு. அந்தச் செலவை அரசு பொதுவரவிலிருந்தே ஒதுக்கட்டும், அன்று மாலை குலுக்கல் நடந்தாலும் நடக்காவிட்டாலும்.