ஆறு வளையமும் ஒரு தோல் உறையும்

தோல் உறை, நடுவில் ஆறு வளையம், வேண்டும்போது கழற்றி மாட்டத் தாள்கள். இந்தப் பொருளுக்குத் தமிழில் இன்னும் பெயர் பிறக்கவில்லை. ‘நாட்குறிப்பு’ என்று மொழிபெயர்த்தால் பொருந்தாது. நாட்குறிப்பில் நடந்து முடிந்ததை எழுதுகிறோம். இதில் இருப்பதோ நடக்க வேண்டியது: யாரைப் பார்க்க வேண்டும், யாருக்கு எவ்வளவு பாக்கி, யாருடைய தொலைபேசி எண் என்ன. ஆகவே ‘ஆர்கனைசர்’ என்றே வைத்துக்கொள்வோம்.

செல்போன் வந்து இதை ஓரங்கட்டிப் பல வருஷமாகிறது. ஓரங்கட்டிய பிறகுதான் மவுசு கூடியிருக்கிறது. பழைய உறைகளைத் தேடிப் பிடித்து, துடைத்து, தையல் போட்டு, வளையத்தை நிமிர்த்தி அழகு பார்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்தமானில் உட்கார்ந்துகொண்டு இதில் இறங்குவது மழை நாளில் உப்பு விற்கக் கிளம்புவது மாதிரி. இருந்தும் ஆசை யாரை விட்டது?

இதன் பூர்வீகம் அமெரிக்கா. பிலடெல்பியாவில் 1910 வாக்கில் பொறியாளர்களுக்காக ‘லீஃபாக்ஸ்’ என்ற பெயரில் வந்தது. தொழில்நுட்பக் குறிப்புகள் அச்சிட்ட தாள்களை வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம். 1921ல் லண்டனில் நார்மன் அண்ட் ஹில் என்ற நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. ‘ஃபைலோஃபாக்ஸ்’ என்று பெயர் வைத்தவர் அங்கே தட்டச்சு வேலைக்கு வந்த கிரேஸ் ஸ்கர் என்ற பெண்மணி. 1940ல் ஜெர்மன் குண்டுவீச்சில் அலுவலகம் அழிந்தது, ஆவணங்களும் போயின. வாடிக்கையாளர், சரக்குத் தருபவர் விவரங்களை கிரேஸ் தன் சொந்த ஃபைலோஃபாக்ஸில் எழுதி வைத்திருந்தார். நிறுவனம் மறுபடி எழுந்தது அந்தத் தாள்களை வைத்துத்தான். 1980களில் இது பணக்கார இளைஞர்களின் அடையாளமானது பிற்பாடு நடந்த கதை.

அந்தமானுக்கு வருவோம். 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில் ஆண்டுக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே தோலில் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே அதைத் தாண்டாத நாட்கள் குறைவு. கடல் காற்றின் உப்பு வளையத்தின் நிக்கல் பூச்சுக்குள் புகுந்து இரும்பைத் தின்னும்.

பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, மென்மையான பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். பிறகு நிழலில் காற்றாட வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். தீவெங்கும் தென்னை இருப்பதால் தேங்காயெண்ணெய் தேய்க்கக் கை பரபரக்கும். கூடாது. அது உள்ளே ஊறிக் காறலடிக்கும்; அடுத்த பூஞ்சணத்துக்குத் தீனியாகும். பாலிதீன் பையில் கட்டி வைப்பதும் ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான். வாய் பிளந்த வளையத்தை நிதானமாகக் கையால் நெருக்கலாம். ரிவெட் போயிருந்தால் செருப்புத் தைப்பவர் ஐந்து நிமிஷத்தில் அடித்துக் கொடுப்பார்.

தொட்டால் செம்பொடியாக உதிரும் தோலுக்கு வைத்தியம் இல்லை. மேலும் உதிராமல் பிடித்து வைக்கலாம், அவ்வளவே. இந்த வியாதியில் நமக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளமாக லண்டனுக்குப் போனது. புத்தக அட்டைகள் சீக்கிரமே பொடியாகின்றன என்ற புகாரை விசாரிக்க, அங்குள்ள கலைச் சங்கம் 1900ல் ஒரு குழு அமைத்தது. மற்ற பல தோல்களோடு நம் தோலும் பரிசோதிக்கப்பட்டு, புத்தகக் கட்டுக்கு மிக மோசமானவற்றில் ஒன்று என்று தீர்ப்பானது. விளக்கு எரிவாயுவின் அமிலப் புகையையும், சாயம் ஏற்றும்போது சேர்த்த அமிலத்தையும் இந்தத் தோல் தாங்கவில்லை. பழைய உறை வாங்குகிறவர் முதலில் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பது இதனால்தான்.

இவ்வளவு பாடுபட்டு உறையைக் காப்பாற்றுகிறோம். தாள்கள்? சந்தைக்கு வரும் பழைய உறைகள் பெரும்பாலும் காலி. விற்கிறவர் தாள்களை உருவிக்கொள்கிறார். அதில் நியாயமும் உண்டு. அடுத்தவர் விலாசமும் கடனும் நமக்கெதற்கு? ஆனால் அதற்கு முன்பே, சொந்தக்காரரே வருஷா வருஷம் பழைய தாளைக் கழற்றிப் போட்டுவிடுகிறார். வளையத்தின் சௌகரியமே அதன் ஆபத்து.

புதுச்சேரியில் துப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியதில் கப்பல் வரவு, சரக்கு விலை, மனத்தாங்கல் எல்லாம் உண்டு. எழுதியது தைத்துக் கட்டிய கணக்கு நோட்டுகளில். 1846ல் அவை கண்டெடுக்கப்பட்டன. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. பிள்ளையிடம் ஆறு வளையம் இருந்திருந்தால், போன வருஷத்துச் சரக்கு விலை இனி எதற்கு என்று தாளைக் கிழித்து எறிந்திருப்பார். ஒரு நகரத்தின் கால் நூற்றாண்டு குப்பைக்குப் போயிருக்கும்.

இந்தத் தீவுகளில் இதைச் சொல்ல வேறொரு காரணமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது வீட்டோடு ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் போயின. கொடுக்கல் வாங்கல் எழுதிய நோட்டும், மெயின்லேண்ட் உறவினரின் தொலைபேசி எண் எழுதிய காகிதமும் போயின. இருக்கும் உயிர்களை எண்ணிக்கொண்டிருந்த அந்த நாட்களில் காகிதம் பெரிதல்ல. ஆனால் தான் யார், தனக்கு என்ன இருந்தது என்று அதிகாரி முன்னால் நிரூபிக்க வேண்டி வந்தபோது பெரிதாயிற்று.

ஆகவே பழைய ஆர்கனைசரைத் துடைத்து வைக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் சொந்தத் தாள்களைக் கழற்றும்போது வருஷத்தை எழுதி உறையில் போட்டு வையுங்கள். முக்கியமானதைப் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். லண்டனில் 1940ல் நிறுவனத்தைக் காப்பாற்றியது தோலின் தரமல்ல. அதே விவரம் இன்னொரு கையிலும் இருந்தது.