முதற் பாடலும் முதற் புகழும்

இளைஞர் இயற்றும் முதற் படைப்புக்கு உலகம் இருவகையால் தீங்கு இழைக்கின்றது. பழுக்குமுன் பறிப்பது ஒன்று. பறித்த கனியைச் சுவைத்துப் பாராது நிறங்கண்டு விலை கூறுவது மற்றொன்று. இகழ்ச்சியொன்றே இளைஞரின் ஊக்கத்தைக் கெடுப்பது எனப் பலரும் எண்ணுவர். அவசரத்தோடு கூடிய புகழ்ச்சியும் அதே கேட்டை, சில வேளைகளில் அதனினும் மிக்க கேட்டை, விளைக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது, இங்கிலாந்தின் மெல்லிசை வரலாற்றில் 1978-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஓர் அரங்கேற்றம். பத்தொன்பது வயதுடைய கேட் புஷ் என்னும் நங்கை, தாமே எழுதி மெட்டமைத்த பதின்மூன்று பாடல்களை, 'தி கிக் இன்சைட்' என்னும் பெயரால் ஓர் இசைத்தட்டுத் தொகுதியாக அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் வெளியிட்டார். அத்தொகுதி தோன்றிய வரலாறும், அதனை நாட்டார் ஏற்ற வரலாறும், எழுதத் தொடங்கும் மாணவர்க்கும், அவர்தம் எழுத்தை மதிப்பிடும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்படுவன.

'பாப்' எனப்படும் மெல்லிசை பாடிய ஒருவரைப் பற்றிக் கல்லூரி இதழில் ஆராய்வது தகுமோ என ஐயுறுவார் இருத்தல் கூடும். அவ்வையம் வேண்டுவதில்லை. அவரை உலகறியச் செய்த பாடலின் பெயர் 'வதரிங் ஹைட்ஸ்'. ஆங்கில இலக்கியம் பயில்வார் நன்கறிந்த, எமிலி பிரான்டே அம்மையார் இயற்றிய நாவலின் பெயரே அது. இலக்கியம் ஓர் இளம் உள்ளத்திற் புகுந்து மீண்டும் இசையாக வெளிப்பட்ட செய்தி நமக்கு அயலானதன்று.

கேட் புஷ் 1958-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், லண்டன் மாநகரை அடுத்த கெண்ட் பகுதியிற் பிறந்தவர். தந்தையார் மருத்துவர், பியானோ வாசிப்பதில் விருப்பமுடையவர். தாயார் அயர்லாந்து நாட்டினர். அந்நாட்டுப் பழைய நடனம் அறிந்தவர். தமையன்மார் இருவரும் கவிதையிலும் நாட்டுப் பாடலிலும் திளைத்தவர். அவர்கள் வாழ்ந்த பழம் பண்ணைவீட்டின் புறத்தே இருந்த களஞ்சியத்தில் ஒரு பழைய ஆர்கன் கிடந்தது. அதன்மேற் கைவைத்துப் பழகிய சிறுமி, பியானோவையும் தாமே பயின்று, பதின்மூன்றாம் வயதளவிலேயே பாடல்கள் இயற்றத் தொடங்கினார். 'தி மேன் வித் தி சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்' என்னும் பாடல் அப்பருவத்தில் எழுதப்பட்டதே. பள்ளியிற் படிக்கும்போதே ஐம்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் வீட்டில் நாடாவிற் பதிவாயின. அவற்றைக் கேட்ட இசைத்தட்டுக் கம்பெனியார் எவரும் விரும்பவில்லை. 'பிங்க் ப்ளாய்ட்' குழுவைச் சேர்ந்த டேவிட் கில்மோர் என்பவர் மாத்திரம் அப்பாடல்களின் தகுதியை உணர்ந்து, தமது செலவில் 1975-ஆம் ஆண்டு மூன்று பாடல்களை முறையாகப் பதிவு செய்வித்தார். பதினாறு வயதுப் பெண் பெரிய வாத்தியக் குழுவின் முன் நின்று அன்று பாடிய குரலே, பின்னர் வெளிவந்த தொகுதியிலும் ஒலிக்கின்றது.

இதன் பின்னர், நம் நாட்டார் நாய் முத்திரைத் தட்டுகளால் நன்கறிந்த கிராமபோன் கம்பெனிக்குத் தாய்நிறுவனமாகிய ஈ. எம். ஐ., 1976-ஆம் ஆண்டில் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இங்கே கருதற்பாலது ஒன்றுண்டு. ஒப்பந்தம் எழுதிய மறுதிங்களே தட்டு வெளிவரவில்லை. பெண் மிக இளையவர். தோற்றால் மனமுடைவார், வென்றால் அவ்வெற்றியின் சுமையைத் தாங்கார் என நிறுவனத்தார் அஞ்சினர் என்பர். முன்பணம் கொடுத்து, காலமும் கொடுத்தனர். அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. லிண்ட்சே கெம்ப் என்னும் கலைஞரிடம் நடனமும் அபிநயமும் பயின்றார். மேலும் மேலும் பாடல்கள் எழுதினார். 1977-ஆம் ஆண்டில் ஒரு சிறு குழுவைச் சேர்த்துக்கொண்டு லண்டன் நகரத்து விடுதிகளில், பாட்டைக் கேட்பதினும் பேசுவதிற் பெருவிருப்பமுடைய கூட்டத்தின் முன் பாடிப் பழகினார். அவ்வாண்டுக் கோடையிலேதான் தொகுதியின் எஞ்சிய பாடல்கள் பதிவாயின. நம் சிலப்பதிகாரமும் மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறுமுன், ஐந்தாம் ஆண்டிற் தொடங்கி ஏழாண்டு அவள் பயின்ற பயிற்சியைக் கூறுகின்றது. மேடையேறும் நாளுக்குப் பின்னே மேடையறியாத நாள்கள் பல நிற்றல் வேண்டும் என்பதை எந்நாட்டாரும் உணர்ந்தே இருந்தனர்.

முதலில் எப்பாடலைத் தனித்தட்டாக வெளியிடுவது என்பதில் வழக்கு எழுந்தது. நிறுவனத்தார் விரும்பியது வேறொரு பாடல். வேகமும் முழக்கமும் உடையது. கேட் புஷ் விரும்பியதோ 'வதரிங் ஹைட்ஸ்'. தொலைக்காட்சியில் அந்நாவலின் நாடக வடிவத்து இறுதிப் பகுதியைக் கண்டது அப்பாடலுக்குத் தூண்டுகோல். இறந்துபோன காதரீன், ஆவி வடிவாய்ச் சன்னலருகே வந்து, தன்னை உள்ளே ஏற்குமாறு ஹீத்கிளிஃப் என்பானை இறைஞ்சுவதாகப் பாடல் அமைந்தது. பாடுவது ஆவியாதலின், மண்ணுலகத்தாரது குரலினும் வேறானதோர் உச்சக் குரலை அவர் தேர்ந்துகொண்டார். அட்டைப் படம் தமக்கு நிறைவளிக்காமையால், 1977 நவம்பரில் வரவேண்டிய தட்டு 1978 ஜனவரி வரை தாழ்த்தது. மார்ச்சுத் திங்களில் அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்து நான்கு வாரம் அங்கே நிலைத்தது. தாம் எழுதிய பாடலைத் தாமே பாடி அவ்விடத்தைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. தொகுதியும் மூன்றாம் இடத்தை எய்தியது. வணிகம் கற்றோரின் கணிப்பினும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் உள்ளுணர்வே சரியாயிற்று.

இனி, நாட்டார் அதனை ஏற்ற விதத்தை நோக்குவோம். அக்காலம் 'பங்க்' எனப்படும் முரட்டு இசை ஓங்கிய காலம். பாடல் எளிதாயும் சினமுடையதாயும் இருத்தல் வேண்டும் என்பது பத்திரிகை விமரிசகர் பலரது கொள்கை. மருத்துவர் வீட்டுப் பெண் ஒருத்தி பழைய நாவலையும் நடனத்தையும் கொண்டு பாடியது அவருட் சிலர்க்கு உவக்கவில்லை. வேறு சிலர் அவ்வுச்சக் குரலையும் கைவீச்சையும் நகைச்சுவைக்குப் பொருளாக்கினர். தொலைக்காட்சியிலும் அவரைப் போலப் பாடிக் காட்டி நகைத்தனர். இவ்விகழ்ச்சியினும் புகழ்ச்சியே கருதத்தக்கது. விளம்பரச் சுவரொட்டிகளில் நிறுவனத்தார் ஒட்டிய படம், பாடலைக் காட்டிலும் பாடியவரின் உடலழகையே முன்னிறுத்தியது. பியானோவின் முன் அமர்ந்து சொல்லும் மெட்டும் தேடிய பல்லாண்டு உழைப்பு அப்படத்தில் எங்கும் காணப்படவில்லை. பத்திரிகையாளர் பலர் அவரது வயதையும் தோற்றத்தையும் வினவினரேயன்றிப் பாடலின் அமைப்பை வினவினாரல்லர். தம்மை ஓர் உடலாக மாத்திரம் கண்டனர் என அவரே பின்னர் வருந்தினார். தமக்குக் கல்வி தந்தோரை வாழ்த்தும் 'தெம் ஹெவி பீப்பிள்' என்னும் பாடலொன்று அத்தொகுதியில் உண்டு. ஓர் இளையவர் தம் முதற் படைப்பிலேயே ஆசிரியர்க்கு நன்றி கூறும் அந்நயத்தை ஆராய்ந்து பாராட்டியவர் எத்துணையர்?

புகழ்ச்சியின் அவசரம் விளைத்த கேடு உடனே வெளிப்பட்டது. முதற் தொகுதிக்குப் பல்லாண்டு கிடைத்தன. இரண்டாம் தொகுதிக்குச் சில திங்களே கிடைத்தன. விற்பனை சூடாயிருக்கையில் அடுத்ததை விற்றுவிட வேண்டும் என நிறுவனத்தார் நெருக்கினர். நாடு நாடாகச் சென்று முதற் தட்டை விளம்பரம் செய்த களைப்பின் நடுவே, 'லயன்ஹார்ட்' என்னும் தொகுதி 1978 நவம்பரிலேயே வெளிவந்தது. அதன் பத்துப் பாடல்களுட் பெரும்பாலானவை முன்னரே எழுதிக் கிடந்தவை. புதியன மிகச் சில. போதிய காலம் கிடைக்கவில்லை என்னும் குறை அவர் உள்ளத்தில் நெடுநாள் நின்றது. தோல்வி ஒன்றும் நேரவில்லை; வெற்றியே இந்நெருக்கடியை உண்டாக்கிற்று என்பதை உற்று நோக்குக. முன்னர்க் காத்திருந்த அதே நிறுவனம், கைதட்டல் கேட்டவுடன் காத்திருத்தலை மறந்தது. 'ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லை' என்னும் நம் பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும்.

இக்கருத்தை மறுப்பார் கூறுவன இரண்டு. வணிகர் முதலிற் காத்திருந்தது அருளினாலன்று, இலாபம் கருதியே என்பது ஒன்று. அது மெய்யே ஆகுக. மழை யாது கருதிப் பெய்யினும் பயிர் தளிர்க்கின்றது. காத்திருந்த காலம் பயன்பட்டது என்பதே நம் வாதம். உண்மையான மேதை எந்நெருக்கடியிலும் விளங்கும், காலம் கொடுத்து வளர்க்க வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. இக்கூற்று, வென்றவரை மாத்திரம் எண்ணி, நெருக்கத்தால் நலிந்து மறைந்தவரை எண்ணாமையால் எழுவது. மறைந்தவர் பெயரை எப்பட்டியலும் கூறாது. எமிலி பிரான்டே அம்மையாரையே நோக்குக. யார்க்‌ஷயரில் ஹாவொர்த் என்னும் ஊரின் குருவானவர் மகளாகிய அவர், எல்லிஸ் பெல் என்னும் புனைபெயரில் 1847-ஆம் ஆண்டு தம் நாவலை வெளியிட்டார். அதன் வன்மையை ஒப்பிய விமரிசகரும் அதனை முரடு என்றும் விபரீதம் என்றும் கூறினர். மறு ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். தம் நூலுக்கு உலகம் பின்னர் அளித்த மதிப்பை அவர் கண்டாரல்லர். அவர் பிறந்த அதே ஜூலை 30-ஆம் நாளிற் பிறந்த பெண்ணொருத்தி, நூற்றுமுப்பது ஆண்டு கழித்து அந்நூலை ஒரு நாடு முழுதும் பாடச் செய்தாள். மேதைமை விளங்கியது மெய். மேதையோ அதைக் காண இல்லை.

கேட் புஷ் இதிலிருந்து தெளிந்த பாடம், தம் காலத்தைத் தாமே ஆள்வது என்பதாகும். 1979-ஆம் ஆண்டு ஒருமுறை ஊர்தோறும் சென்று பாடிய பின்னர் அவ்வழக்கத்தை விடுத்தார். 2014-ஆம் ஆண்டில் லண்டனில் இருபத்திரண்டு இரவுகள் பாடியதே அடுத்தது. 1980-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் தொகுதி, தனித்துப் பாடும் பிரிட்டிஷ் பெண்மணியர் தொகுதிகளுள் முதன்முதலாகப் பட்டியலின் தலையிடத்தைப் பெற்றது. பின்னர்த் தம் இளமைக்காலப் பண்ணையிலேயே பதிவுக்கூடம் அமைத்து, எவர் நெருக்கமும் இன்றி, 1985-ஆம் ஆண்டுத் தொகுதியை ஆக்கினார். அதிலுள்ள 'ரன்னிங் அப் தட் ஹில்' என்னும் பாடல், ஒரு தொலைக்காட்சித் தொடரில் எடுத்தாளப்பட்டமையால், 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிரிட்டனில் முதலிடம் அடைந்தது. முதல் முதலிடத்துக்கும் இரண்டாம் முதலிடத்துக்கும் இடையே கழிந்தவை நாற்பத்துநான்கு ஆண்டுகள். 1985-இல் அப்பாடல் வெளிவந்தபோது பிறவாதிருந்த இளைஞர் அதனைப் புதுப்பாடல் எனவே எண்ணிக் கேட்டனர். நல்ல படைப்பு காத்திருக்க வல்லது. காத்திருக்க மாட்டாதவர் நாமே.

இக்காலத்தில் இளைஞர் ஒருவர் தம் அறையிலிருந்தே ஒரு பாடலைப் பதிந்து அன்றிரவே உலகெங்கும் பரப்பலாம். வாயில் காப்போரின் தடை நீங்கியது நன்றே. கேட் புஷ் நாடாக்களைத் திருப்பியனுப்பிய கம்பெனிகளின் தயவு இனி வேண்டுவதில்லை. ஆயினும் தடையோடு காத்திருத்தலும் போயிற்று. மாலையில் வெளிவந்த பாடலின் விதி, கேட்டோர் தொகையால் மறுநாட் காலையிலேயே எழுதப்படுகின்றது. நிறுவனமும் காலமும் முன்பு அளித்த ஓய்வை இனி நாமே ஒருவர்க்கொருவர் அளித்தல் வேண்டும். திருவள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தனர். அதனை அரசர்க்கு மாத்திரம் உரியதாகக் கொள்ளற்க.

ஆதலின் மாணவ நண்பர்களே! உங்கள் தோழர் தம் முதற் கவிதையைக் காட்டுங்கால், ஒருமுறை படித்து வியவாமலும் நகையாமலும், மறுநாளும் ஒருமுறை படித்துப் பின் கருத்துரையுங்கள். அடுத்தது எப்போது என வினவாதீர்கள். ஆசிரியப் பெருமக்கள், உயிருள்ள அடி இன்னது எனச் சுட்டி, அதனை ஒரு திங்கள் வைத்திருந்து திருத்துமாறு கூறின், அப்படைப்புக்கு அதனினும் சிறந்த பரிசில் வேறில்லை. இவ்விதழின் பக்கங்களில் தம் பெயரை முதன்முறையாக அச்சிற் காணும் இளைஞரும், அதனை முடிவென்று கருதாது தொடக்கமென்று கருதுக. முதற் புகழ் ஒரு பருவத்தில் ஓயும்; முறையாகக் கற்ற தொழில் ஓயாது.