முத்துமாரி என்னும் பெயர்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பாட்டிமாரின் பெயர்களைக் கேட்டால் மாரியாயி, மாரியம்மாள், முத்துமாரி என்பவை மீண்டும் மீண்டும் காதில் விழும். பேத்திமாரிடையே அப்பெயர்கள் அருகி வருகின்றன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று அஞ்சும் பெற்றோர், பொருள் விளங்காத ஒலிக்கோவை ஒன்றைத் தேடிப்பிடித்துச் சூட்டுகின்றனர். எந்தப் பெயரைச் சூட்டுவது என்பது அவர்களது உரிமை. ஆயினும் கைவிடுவது இன்னதென்று அறிந்து கைவிட வேண்டும்.

மாரி என்பது மழை. வள்ளல் பாரிக்கு இணை சொல்லத் தேடிய கபிலர் மாரியையே சுட்டினார். வடமொழியில் அதே ஒலியுடைய சொல் கொள்ளைநோயைக் குறிக்கும். வாழ்விப்பதும் வருத்துவதும் மாரி என்னும் ஒரே தெய்வத்தாயின் செயலே எனக் கொண்ட நம் முன்னோர், அம்மைக் கொப்புளத்தை நோயென்று வையாமல் முத்து என்றனர். முத்துப் போட்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகி, குரலைத் தாழ்த்திப் பேசினர். முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்த்த பின்னரே வீட்டார்க்கு மூச்சு வந்தது. பிள்ளை பிழைத்தால் அடுத்துப் பிறப்பவளுக்கு உன் பெயர் என்று நேர்ந்துகொண்ட தாய்மார் எத்தனையோ பேர். 1980ஆம் ஆண்டு பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நோய் போன பின்னும் அதன் நேர்த்திக்கடன் பெண்களின் பெயராய் நின்றது.

மலையகத்தாரின் முன்னோர்க்கு இந்த அச்சம் கதையாகக் கேட்டதன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்களை அம்மையும் வாந்திபேதியும் வழியிலேயே வாரிக்கொண்டன. பிழைத்துவந்தோர் மாத்தளையில் முத்துமாரிக்கே கோயில் எடுத்தனர். பின்வந்தோர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டுக் கடல் கடந்தனர். சென்று சேர்ந்த தோட்டந்தோறும் ஒரு மரத்தடியில் சூலம் நட்டு அவளை வணங்கினர்.

இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவவில் இப்பெயருக்குத் தனிப்பொருள் உண்டு. நாட்டிலேயே மிகுமழை பெறும் பகுதிகளுள் ஒன்று இரத்தினபுரி. தேயிலைக்கு மழை வேண்டும். மழை பெய்தால் கொழுந்து தளிர்க்கும். இறப்பர்க் காட்டிலோ நிலைமை வேறு. விடியுமுன் பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டில் பால் நில்லாது. பட்டையெங்கும் பரவி வழியும். வெட்டிய பின் பெய்தால் சிரட்டையில் சேர்ந்த பால் நீரோடு நிரம்பி வழிந்து மண்ணில் போகும். அன்றைய உழைப்பு அத்துடன் வீண். 2016 மே மாதப் பெருமழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொகுப்பிட்டியவிலும் மலை சரிந்து உயிர்களைப் புதைத்தது. சரிவுகளில் கட்டிய லயங்களில் இன்றும் மக்கள் மழையிரவுகளில் உறங்காமல் விழித்திருக்கின்றனர். மாரி என்று மகளுக்குப் பெயரிட்டவர்கள் மாரியின் இருமுகத்தையும் அறிந்தே இட்டனர்.

தோட்டத்தை அடுத்த சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்வத்துக்குப் பஹன் மடுவச் சடங்கு நிகழ்கிறது. நோய் தீர்க்கவும் வளம் பெருக்கவும் அவர்கள் வேண்டும் அத்தெய்வம் நம் கண்ணகியே. வேலிக்கு இருபுறமும் ஒரே வேண்டுதல் எழுவதை இரு சமூகத்தாரும் எண்ணிப் பார்த்தால் நன்று.

இத்துணைப் பொருள் பொதிந்த பெயருக்குப் பதிவேடுகள் இழைத்த தீங்கு பெரிது. ஒரு காலத்தில் தோட்ட எண் பொறித்த தகரவில்லையே தொழிலாளியை அடையாளங்காட்டியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அவர்களுள் நாடற்றவராகவே எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. குடியுரிமை வந்த பின்னும் எழுத்துப்பிழை தீரவில்லை. தமிழறியாத எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு வடிவம் கொள்கிறது. பிறப்புச் சான்றிதழில் முத்துமாரி, அடையாள அட்டையில் மேரி, தோட்டப் பதிவில் மாரியாய் என்றிருந்தால், வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவள் தன் சேமலாப நிதியைப் பெறத் தான் தானே என்று மெய்ப்பிக்க அலைய வேண்டும். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். இக்கொடுமையை எழுத்தரின் கவனக்குறைவு என்று கடந்துபோக நாம் ஒருப்படோம்.

சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும் தமிழில் ஆவணம் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உறுதிசெய்கிறது. அது சப்ரகமுவத் தோட்டங்களுக்கும் பொருந்தும். தமிழர் சிறுதொகையினராய்ச் சிதறி வாழும் இவ்விரு மாவட்டங்களின் பிரதேச செயலகங்களில் தமிழறிந்த பதிவாளர் அமர்த்தப்பட வேண்டும். பிழைபட்ட பெயர்களைத் திருத்த நடமாடும் சேவை தோட்டங்களுக்கே செல்ல வேண்டும். அதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பெண்களின் ஆவணங்களை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.