நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்

மளிகைக் கடைகளில் இப்போது தனியாக ஓர் அலமாரி முளைத்திருக்கிறது. பழுப்புக் காகிதப் பை, அதில் சணல் கயிறு, ஏர் பிடித்த உழவர் படம், 'பாரம்பரியம்', 'மண் மணம்' என்று ஏதோ ஒரு பெயர். பக்கத்து அலமாரியைவிட விலை கூடுதல். பிள்ளைகளுக்கு நல்லதாக வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நேராக அங்கே போகிறார்கள். இயற்கையானது என்றால் உடம்புக்கு நல்லது, நல்லது என்றால் அளவே பார்க்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்த நம்பிக்கையைப் போல நம் சமையலறையைக் கெடுத்தது சமீபத்தில் வேறொன்றும் இல்லை என்பேன்.

நாட்டுச் சர்க்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். "வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதே இல்லை டாக்டர், நாட்டுச் சர்க்கரைதான்" என்று சொல்லிக்கொண்டே ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுக்கவும் சுக்ரோஸ். வெல்லத்தில் நூற்றுக்கு 65 முதல் 85 பங்கு அதே சுக்ரோஸ்தான். மிச்சத்தில் ஈரம், கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், துளியளவு தாதுக்கள். இனிப்பு சற்றுக் குறைவு என்பதால் காப்பியில் ஒரு கரண்டிக்குப் பதில் ஒன்றரைக் கரண்டி விழுகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அவர்களிடம் கருப்பட்டிக் காப்பியை மருந்துபோல விற்பது துணிச்சலான காரியம்.

இரும்புச் சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 100 கிராம் வெல்லத்தில் 11 மில்லிகிராம். வயதுவந்த பெண்ணுக்கு ஐசிஎம்ஆர் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 29 மில்லிகிராம். அதை வெல்லத்திலிருந்தே எடுப்பதானால் தினமும் கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். தின்று பாருங்கள்.

அந்த வெல்லமாவது வெல்லமா? சேலம் பக்கத்து ஆலைகளில் அஸ்காவை, அதாவது அதே வெள்ளைச் சர்க்கரையை, கலந்து காய்ச்சிய வெல்லத்தை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மூட்டை மூட்டையாகப் பிடித்த செய்தி அடிக்கடி வருகிறது. நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் போடுவதும் ஊரறிந்த விஷயம். ஆலைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. கரும்புச்சாற்றை ஒன்றும் போடாமல் காய்ச்சினால் வெல்லம் கரும்பழுப்பாக வரும். நாம் பொன்மஞ்சளாக இருந்தால்தான் கையில் எடுப்போம். கேட்ட நிறத்தை அவர் கொடுக்கிறார்.

வெல்லமாவது பணத்தோடும் கலோரியோடும் போகிறது. இந்துப்பு விவகாரம் அதைவிட மோசம். 84 தாதுக்கள் கொண்டது, ரத்தக் கொதிப்பை ஏற்றாது என்றெல்லாம் சொல்லிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். இளஞ்சிவப்புக் கல்லிலும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். நிறம் இரும்புத் துணுக்கால் வருவது. கொதிப்புக்காரருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் மலிவான அயோடின் உப்பில் இருக்கும் ஒன்று இந்தக் கல்லில் போதிய அளவு கிடையாது.

இந்தப் பாடத்தை நாடு ஏற்கெனவே ஒருமுறை படித்துவிட்டது. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை சர்வசாதாரணமாக இருந்தது. 1956-இல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் அங்கே சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன இடங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்பு தின்ற பகுதியில் அப்படிக் குறையவில்லை. அந்த மக்கள் தின்றது கலப்படமில்லாத இயற்கை உப்பு. மலைநீர், மலைக்காற்று, சொந்த நிலத்துத் தானியம் எல்லாம் இருந்தும் கழுத்து வீங்கியது, மண்ணில் அயோடின் இல்லாததால். 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்ததற்கு இந்த ஆய்வே அடித்தளம்.

கழுத்து வீங்குவது வெளியே தெரிகிற பகுதி. கருவுற்றவளுக்கு அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்; அது வெளியே தெரியாது, பிறகு திருத்தவும் முடியாது. கடலோரத்தில் இருக்கிறோம், தூத்துக்குடி உப்பில் இல்லாத அயோடினா என்று நம் ஊரில் கேட்கிறார்கள். கடல் உப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம், போதவே போதாது. கல்லுப்புதான் வேண்டும் என்றால் அயோடின் கலந்த கல்லுப்பும் கடையில் இருக்கிறது. அயோடின் இல்லாத சாதாரண உப்பை நேரடி உணவுக்கு விற்கக் கூடாது என்று 2006-இலிருந்து விதி இருக்கிறது. இருந்தும் படித்த குடும்பங்கள் அயோடின் உப்பை 'கெமிக்கல்' என்று ஒதுக்குகின்றன.

செக்கு எண்ணெய் பற்றிச் சுருக்கமாக: நல்ல வாசனை, பிடித்தால் வாங்குங்கள். ஆனால் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாட்டிலில் எழுதுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்ளடாக்ஸின் எண்ணெயிலும் இறங்கும். அதுவும் இயற்கை தந்த நஞ்சுதான். சுத்திகரிப்பில் அது நீங்கிவிடும்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து மண்ணைப் பற்றியும் உழவரின் கடனைப் பற்றியும் பேசினார். அவர் தொடங்கிய வேலை மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பூச்சிமருந்து பற்றிய அச்சத்துக்கும் நியாயம் உண்டு. அந்த மரியாதையை எடுத்துப் பிஸ்கட் பாக்கெட்டில் ஒட்டுகிறார்களே, அதுதான் என் வழக்கு. 'ராகி பிஸ்கட்' வாங்கினால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். மைதா முதலில் நின்று, சர்க்கரையும் பாமாயிலும் அடுத்து வந்து, ராகி நான்காவதாக எட்டிப் பார்த்தால் அது மைதா பிஸ்கட். உணவு விளம்பரம் பற்றிய 2018 விதிகளின்படி எதுவும் சேர்க்காத தனிப்பொருளை மட்டுமே 'இயற்கையானது' என்று சொல்லலாம். ஆகவே சாமர்த்தியக்காரர்கள் அந்தச் சொல்லைக் கம்பெனிப் பெயரிலேயே வைத்துக்கொள்கிறார்கள்; அப்படி வைத்தால் 'இது பிராண்டுப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல' என்ற வாசகத்தையும் அச்சிட வேண்டும். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரிதான் பல பாக்கெட்டுகளில் நான் கண்ட நேர்மையான வரி.

இதில் எனக்குக் கோபம் வருவது வசதியுள்ளவர்கள் ஏமாறுவதற்காக அல்ல. ரேஷன் அரிசியும் ரேஷன் சர்க்கரையும் வாங்கும் பெண், பிள்ளைக்கு விஷத்தைக் கொடுக்கிறோமோ என்று தலைகுனிகிறாளே, அதற்காக. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு வாங்குகிறாள். வீட்டோரத்து முருங்கைக் கீரையைப் போட்டுக் கூட்டு வைக்கிறாள், அயோடின் உப்பு போடுகிறாள், வாரத்தில் சில நாள் முட்டை வேகவைக்கிறாள். அந்த அலமாரியில் கருப்புக் கவுனி கஞ்சி மிக்ஸும் தேன் கலந்த சிறுதானிய லட்டும் வாங்கிப்போகிறவரின் பிள்ளையைவிட இவள் பிள்ளை நன்றாகவே சாப்பிடுகிறது. அவளிடம் இதைச் சொல்ல ஒரு விளம்பரமும் வராது, ஏனென்றால் அவளிடம் விற்க அவர்களுக்கு ஒன்றுமில்லை.