ஆலை மூடினால் பேயா குடியேற வேண்டும்?

ஒரு கோவில் இடிந்துவிட்டால் ஜீர்ணோத்தாரணம் என்று பேர் வைத்து ஊர் ஊராய் உண்டியல் குலுக்க நம் மக்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பல நூறு குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஒரு ஆலை மூடப்பட்டு விட்டாலோ, அந்த இடம் ராசியில்லை என்றும், ஈசான மூலையில் புகைபோக்கி வைத்ததால் வந்த வினை என்றும், இரவில் பேய் உலாவுகிறதென்றும் கதை கட்டிவிடுகிறார்கள். கணக்குப் புஸ்தகத்தைப் புரட்ட வேண்டிய விஷயத்திற்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள். கடைசியில் பேய்க்குப் பயப்படாத ஒரு பணக்காரர் அடிமாட்டு விலைக்கு அதை வாங்கிக்கொள்கிறார். பேயும் அன்றோடு ஓடிவிடுகிறது!

நிற்க, பிரேசில் தேசத்துச் சாவோ பாவுலோ நகரில் பொம்பேயா என்கிற பகுதியில் இரும்புப் பீப்பாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அது நின்றுபோன பிறகு செஸ்க் என்னும் ஸ்தாபனம் அதை வாங்கிற்று. இந்த ஸ்தாபனம் 1946-ல் வர்த்தகத் துறைத் தொழிலாளரின் நலத்திற்கென்று ஏற்பட்டது. அதற்குப் பணம் கொடுப்பது எந்தப் புண்ணியவானும் அல்ல. வர்த்தக முதலாளிகள் தாங்கள் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தின்மேல் நூற்றுக்கு 1.5 வீதம் கட்டியாக வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம்.

கட்டிட வேலையை ஏற்றவர் லீனா போ பார்தி என்ற பெண்மணி. இத்தாலியில் 1914-ல் பிறந்து பிரேசிலில் குடியேறியவர். (பெண்ணுக்கு அடுப்பங்கரையே போதுமென்று சொல்லும் சாஸ்திரிகள் இதைக் கவனிக்க.) அவர் முதலில் பார்த்தது அங்கிருந்த சிமெண்டுத் தூண்களின் உறுதியை. மறுமுறை ஒரு சனிக்கிழமை போனபோது, ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இந்தச் சந்தோஷம் கெடாதபடி செய்வதே தம் வேலை என்று அவர் தீர்மானித்தார். 1977-ல் ஆரம்பித்த வேலை 1982-ல் திறப்புக்கு வந்தது. பழைய செங்கல் சுவரின் பூச்சை உரித்து, அதற்குள்ளேயே வாசகசாலை, நாடக மேடை, போஜனசாலை, கைத்தொழில் கூடங்கள் எல்லாம் வைத்தார்.

விளையாட்டுக்காக 1986-ல் முடிந்த புதுக் கட்டிடம் இரண்டு கோபுரங்களாய் நிற்கிறது; நடுவே ஆகாயத்தில் பாலங்கள். ஏன் சேர்த்துக் கட்டவில்லை? அடியில் மூடிய ஓடை ஒன்று போகிறது, அதன்மேல் கட்டக்கூடாது. எந்த ஜோசியனும் சொல்லி அல்ல, மண்ணைப் பார்த்துச் செய்தது.

திசை விஷயத்தையும் பார்ப்போம். நம் நூற்பாலைகளில் ரம்பப்பல் போன்ற கூரையில் கண்ணாடியை வடக்கு நோக்கி வைத்தார்கள். வடக்கு குபேர திசை என்பதற்காக அல்ல. நேர் வெயில் படாமல் சமமான வெளிச்சம் வேண்டுமென்பதற்காக. பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே உள்ள ஊரில் இதே காரியத்துக்குக் கண்ணாடியைத் தெற்கு நோக்கி வைக்க வேண்டும். அங்கே குபேரன் எமன் வீட்டுக்குக் குடிபோய்விட்டானோ என்னவோ! இயந்திரத்தின் பாரத்தையும் அதிர்ச்சியையும் தாங்கிய தளம், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்காமலிருந்தால், மனிதரையும் புஸ்தகத்தையும் தாங்காதா?

ஆனாலும் பழங்கட்டிடத்தைக் காப்பாற்றுவது ஒன்றே யோக்கியதை ஆகிவிடாது. பம்பாயில் 1982-ல் பஞ்சாலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பின்பு ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. 1991-ல் வந்த விதிப்படி ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்த வெளிக்கும், மூன்றில் ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கும் சேர வேண்டும். 2001-ல் அதைத் திருத்தி, ஏற்கெனவே காலியாய்க் கிடக்கும் நிலத்துக்கு மாத்திரமே இந்தப் பங்கு என்றாக்கினார்கள். கட்டிடம் நின்ற நிலமெல்லாம் கணக்கிலிருந்து தப்பிக்கொண்டது. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை ஒப்புக்கொண்டது. பீனிக்ஸ் ஆலை இன்று பெரிய கடைவீதி. புகைபோக்கி மாத்திரம் பாக்கி. அங்கே நூல் நூற்றவனின் பேரன் போனால் வாசலில் காவல்காரனாய் நிற்கலாம்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் ஆலை மூடினால் பேய்க்கதைக்குக் காது கொடுக்காதீர்கள். நிலம் யார் பேரில் இருக்கிறது, தொழிலாளிக்குப் பாக்கி எவ்வளவு, தூணும் கூரையும் எந்த நிலையில் உள்ளன, வாசகசாலைக்கும் பள்ளிக்கும் எத்தனை சதுர அடி ஒதுக்கப்படும் என்ற இந்நான்கையும் நகரசபையில் எழுத்து மூலமாய்க் கேளுங்கள். நிலம் கைமாறுவதற்கு முன்பே கேளுங்கள்.