பல் மருத்துவக் கல்லூரிக்கு எது பெயர்?

பிளஸ் டூ தேர்வில் மாநில முதலிடம் யாருக்கு என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ல் கைவிட்டது. அந்த இடங்களுக்காகவே பெயர்பெற்ற விடுதிப் பள்ளிகள் நிறைந்த நாமக்கல், சேலம் வட்டாரத்தில் தரவரிசை மோகம் மட்டும் தணியவில்லை. பி.டி.எஸ். கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும்போதும், கல்லூரி தேசிய அளவில் எத்தனையாவது இடம் என்பதே முதல் கேள்வியாகிறது. கல்லூரியின் பெயர் முக்கியம்தான். ஆனால், பல் மருத்துவக் கல்லூரிக்கு அந்தப் பெயரை அதன் புறநோயாளிப் பிரிவே தர வேண்டும்.

பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பு. அதன்பின் ஓராண்டு பயிற்சி. முதல் இரண்டு ஆண்டுகள் பாடத்திலும் மெழுகிலும் பொம்மைத் தலையிலும் கழிகின்றன. மூன்றாம் ஆண்டில்தான் மாணவர் நோயாளியின் வாயைப் பார்க்கிறார். பல் பிடுங்குவது, சொத்தையை அடைப்பது, வேர் சிகிச்சை, பல்செட் எல்லாம் திரும்பத் திரும்பச் செய்தே கைக்கு வருபவை. நாற்காலியில் ஆள் உட்காராத கல்லூரியில் இவற்றைக் கற்க வழியில்லை. 2020-ல் பல் மருத்துவத்துக்கும் வந்த தேசியத் தரவரிசையோ ஆய்வுக்கும் தொழில்முறைப் பணிக்கும் 30 சதவீத எடை தருகிறது. அதில் முதலிடம் பெற்ற சென்னைக் கல்லூரி ஒன்று தன் கட்டுரைகளைத் தானே பெருமளவில் மேற்கோள் காட்டுவது குறித்து, 2023 ஜூனில் 'சயன்ஸ்' இதழ் கேள்வி எழுப்பியது. மேற்கோள் எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்தாலும் மாணவரின் கை தேறிவிடாது. சேலம் மாவட்டத்தில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பற்களில் பழுப்புக் கறை படிந்தவர்கள் உண்டு. அவர்கள் தேடி வரும் கல்லூரி, மாணவருக்குப் பெரும் பாடசாலை.

நீட் மதிப்பெண்ணும் கட்டணமும் முடிவுசெய்தபின் தேர்வு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இவ்விரு மாவட்டங்களிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இல்லை என்பதால், அந்த ஆதங்கம் நியாயமானதே. ஆனாலும் கிடைக்கக்கூடிய கல்லூரிகளில் எதை முன்னே எழுதுவது என்பது குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பெரிய பெயர் மேற்படிப்புக்கு உதவும் என்பதும் சரியல்ல; எம்.டி.எஸ். இடத்தைத் தனி நீட் தேர்வின் மதிப்பெண்ணே தீர்மானிக்கிறது. நாளை ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ கிளினிக் திறந்தால், வலிக்காமல் பல் எடுக்கும் கைராசிக்காரர் யார் என்றுதான் மக்கள் விசாரிப்பார்கள்.

தினசரிப் புறநோயாளி எண்ணிக்கையையும், ஒவ்வொரு மாணவரும் செய்து முடித்த சிகிச்சைகளின் சராசரிக் கணக்கையும் கலந்தாய்வுக்கு முன்பே கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் உத்தரவிட வேண்டும். அது வரும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டாம். பட்டியல் நிரப்பும் முன், ஏதாவதொரு வேலைநாள் காலையில் அந்தக் கல்லூரிக்குச் சொல்லாமல் போய், புறநோயாளிப் பிரிவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.